முள் ஏறிய அந்தப் பத்து நிமிடம்



சென்ற மாதம் பிரஷர் குக்கரின் ரப்பர் வளையத்தைப் பற்றிப் பேசினோம். இந்த மாதம் சமையலறையை விட்டு வாசலுக்கு வருவோம். வாசலில் நிற்கிறதே கார், அதைப் பற்றித்தான். "காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? அது ஆம்பிளைகள் பாடு" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். கார் எஞ்சின் உடைந்து கராஜ்காரர் கணக்கு நீட்டும்போது கைவளையலைக் கழற்றுவது யார்? நாம்தானே!

என் மூத்த ராத்தாவின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

ராத்தா மாத்தளையில் இருக்கிறார். மச்சானிடம் ஒரு பழைய ஜப்பான் கார். இருபது வருடங்களுக்கு மேல் ஓடியது. ஆனால் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு கீறல் கிடையாது. துரு கிடையாது. ஆசன உறைகளை ராத்தா மாதம் ஒருமுறை கழற்றித் துவைப்பார். ஏசி நன்றாக வேலை செய்யும். வெள்ளிக்கிழமை காலையில் மச்சான் தன் கையாலேயே கழுவித் துடைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவார்.

2023 ஆகஸ்ட் மாதம். நான் பிள்ளைகளோடு ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். "ரிவர்ஸ்டனுக்குப் போவோம், காற்றில் நிற்போம்" என்று பிள்ளைகள் ஒரே அடம். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறக்குறைய முப்பது கிலோமீற்றர். தூரம் பெரிதல்ல. ஆனால் ஏற்றம் பெரிது. மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து 400 மீற்றருக்கும் குறைந்த உயரத்தில் இருக்கிறது. ரிவர்ஸ்டனோ 1000 மீற்றருக்கும் மேலே. மிளகுக் கொடிகளையும் தேயிலையையும் தாண்டி, வளைந்து வளைந்து நக்கிள்ஸ் மலைத்தொடருக்குள் ஏறவேண்டும்.

பெரியவர்கள் நால்வர், பிள்ளைகள் மூவர், சோற்றுப் பார்சல், தண்ணீர்ப் போத்தல்கள், எல்லாம் அந்த ஒரு காரில். ஏசியும் போட்டிருந்தோம். ரத்தோட்டையைத் தாண்டி நல்ல ஏற்றம் தொடங்கியதும், முன் ஆசனத்தில் மடியில் பிள்ளையோடு இருந்த ராத்தா மெல்லச் சொன்னார்:

"இங்க பாருங்களே, இந்த முள்ளு மேல போகுதே."

"மேட்டுல ஏறக்குள்ள அப்பிடித்தான். நீங்க பேசாம இரிங்க" என்றார் மச்சான்.

ராத்தா பேசாமல் இருந்துவிட்டார். தனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்திருப்பார். பின்னால் இருந்த நானும் வாய் திறக்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் ஏறினோம். பிறகு பார்த்தால், முள் தானாகவே கீழே இறங்கிவிட்டது! "பார்த்தீங்களா, நான் சொன்னேன்தானே" என்று மச்சான் சிரித்தார். எல்லோருக்கும் நிம்மதி.

அடுத்த வளைவில் இனிப்பும் எரிச்சலும் கலந்த ஒரு வாடை. பொனட்டின் ஓரத்திலிருந்து புகை போல ஆவி. கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மலை உச்சியிலுள்ள தொலைத்தொடர்புக் கோபுரம் மூடுபனிக்குள் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. காற்று ஆளைத் தள்ளியது. ராத்தாவின் மூத்த மகன் இறங்கி ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனான். அந்த நேரம் பார்த்து வந்த லொறிச் சாரதி ஒருவர் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது: "தம்பி, அதில கை வைக்காதீங்க! முகம் வெந்துபோகும்!" அவர் மட்டும் வராதிருந்தால் அன்று நடந்திருக்கக்கூடியதை நினைக்கவே பயமாக இருக்கிறது.

காரைக் கட்டி இழுத்து வந்து மாத்தளையில் ஒரு கராஜில் விட்டோம். மூன்றாம் நாள் கராஜ்காரர் மச்சானின் உள்ளங்கையில் ஒரு சின்ன ரப்பர் குழாயை வைத்தார். ஒரு சாண் நீளம்கூட இல்லை. ஓரத்தில் வெடிப்பு. அதன் வழியாகத்தான் தண்ணீர் முழுவதும் கொட்டிப் போயிருக்கிறது.

"இதை மாற்ற ஒரு நாள் சந்தைச் செலவு கூட ஆகியிருக்காது, நானா. முள்ளு ஏறின உடனே நிறுத்தியிருந்தா இதோட முடிஞ்சிருக்கும். அந்தப் பத்து நிமிஷம் ஓட்டினதிலதான் எஞ்சின் போச்சு" என்றார் அவர்.

எஞ்சினின் மேல்பாகம் வளைந்துவிட்டது. உள்ளே மற்ற பாகங்களும் கெட்டுவிட்டன. எல்லாம் சேர்த்துப் பல இலட்சம். மகளின் கலியாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. ராத்தா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "நான் இன்னொரு தரம் சொல்லியிருக்கணும்."

சகோதரிகளே, ராத்தா அந்த இன்னொரு தரத்தைச் சொல்லாமல் விட்டதற்கு அறியாமைதான் காரணம். முள் என்றால் என்ன, அது ஏறினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. உங்களுக்கு அந்த நிலை வரக்கூடாது.

பழைய கார்தானே என்று விடலாமா?

ஒரு காலத்தில் எஞ்சின் போனால் "வித்துட்டு வேறொண்டு எடுப்போம்" என்பார்கள். இப்போது அப்படிச் சொல்ல முடியுமா? நமது நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் 200 ரூபாய் அளவிலிருந்த டொலர் சில மாதங்களில் 350 ரூபாயைத் தாண்டியது. ஜப்பானிலிருந்து வரும் ஒவ்வொரு உதிரிப்பாகத்தின் விலையும் அதோடு ஏறியது. இறக்குமதி திறந்த பிறகும், வரியோடு சேர்ந்த புதுக் காரின் விலை நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. அதனால் வாசலில் நிற்கும் பழைய கார்தான் நமக்குப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஊர்ப் பயணத்துக்கும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். கார் மோதிவிட்டால் முழுக் காப்புறுதி கைகொடுக்கும். ஆனால் சூடாகியோ, தேய்ந்தோ எஞ்சின் தானாகப் பழுதடைந்தால் சாதாரண மோட்டார் காப்புறுதி பணம் தராது. அந்தச் செலவு முழுவதும் வீட்டுத் தலையில்தான்.

எஞ்சினுக்குள் ஒரு பிரஷர் குக்கர்

எஞ்சினில் எரியும் எரிபொருளின் சக்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி புகைக் குழாய் வழியாகப் போய்விடும். இன்னொரு பகுதியைத் தண்ணீர்தான் சுமந்து ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், அங்கே காற்றில் ஆறவிட வேண்டும்.

திறந்த சட்டியில் தண்ணீர் 100 பாகையில் கொதித்துவிடும். ஆனால் பிரஷர் குக்கரை இறுக்கி மூடினால் உள்ளே 120 பாகை அளவு வரை சூடு ஏறுமல்லவா? ரேடியேட்டர் மூடியும் அதே வேலையைத்தான் செய்கிறது. அழுத்தத்தைப் பிடித்து வைத்து, தண்ணீரைக் கொதிக்கவிடாமல் காக்கிறது. குக்கர் வளையம் பழசானால் ஆவி கசிகிறதே, அப்படியே ரேடியேட்டர் மூடியின் ரப்பரும் பழசானால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் முன்கூட்டியே கொதித்துவிடும். சூடான எஞ்சினில் அந்த மூடியைத் திறப்பதும், விசில் அடிக்கும் குக்கரைத் திறப்பதும் ஒன்றுதான். கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

மலையேறும்போது எஞ்சின் அதிகம் உழைக்கிறது. வெப்பமும் அதிகம். ஆனால் கார் மெதுவாகப் போவதால் ரேடியேட்டருக்குள் வரும் காற்று குறைவு. ஏசியும் போட்டால் பாரம் இன்னும் கூடும். ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் போகும்போது தெரியாத குறையை ரிவர்ஸ்டன் ஏற்றம் ஒரே நாளில் வெளியே கொண்டுவருவது இதனால்தான்.

சரி, சூடானால் எஞ்சின் ஏன் சாகிறது? பல கார்களில் எஞ்சினின் அடிப்பாகம் இரும்பு, மேல்பாகம் அலுமினியம். அலுமினியம் இரும்பைவிட அதிகமாக விரியும். அளவு மீறிச் சூடானால் மேல்பாகம் வளைந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஹெட் கெஸ்கட் என்று ஒரு தகடு இருக்கிறது. தண்ணீரையும் ஒயிலையும் தனித்தனியே வைத்திருப்பது அதுதான். அது எரிந்துபோனால் தண்ணீர் ஒயிலோடு கலக்கும். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே பால் தேநீர் நிறத்தில் கூழ் போலத் தெரியும். புகைக் குழாயிலிருந்து வெள்ளைப் புகை விடாமல் வரும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போகும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே காட்டுங்கள்.

முள் ஏன் தானாக இறங்கியது என்கிறீர்களா? சூட்டை அளக்கும் கருவி தண்ணீருக்குள் இருக்கிறது. தண்ணீர் கொட்டிப் போன பிறகு அதற்கு அளக்க ஒன்றுமில்லை. ஏறிய முள் சட்டென்று விழுந்தால் "அப்பாடா" என்று மகிழாதீர்கள். அதுதான் மிக மோசமான நேரம்!

சில சின்னக் கார்களில் முள்ளே இருக்காது. விளக்கு மட்டும்தான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீலம், அளவு மீறிச் சூடானால் சிவப்பு. சிவப்பு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

முள் ஏறினால் என்ன செய்வது?

முதலில் ஏசியை நிறுத்துங்கள். காரில் ஹீட்டர் இருந்தால் அதை முழுச் சூட்டில், முழு வேகத்தில் போடுங்கள். உள்ளே வேகும்தான், ஆனால் எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். பாதுகாப்பான இடம் கிடைத்தவுடன் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிள்ளைகளைப் பாதையின் உட்பக்கமாக நிறுத்துங்கள். குறைந்தது அரை மணி நேரமாவது, மூடி கையால் தொடக்கூடிய அளவு ஆறும்வரை, பொறுங்கள். அதற்குப் பிறகுதான் தடித்த துணி போட்டு மெல்லத் திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றக்கூடாது. சூடான கண்ணாடிக் குவளையில் குளிர்நீர் ஊற்றினால் என்ன ஆகும்? அதேதான். தண்ணீர் ஊற்றிய பிறகும் கசிந்தால் காரை இழுத்துக்கொண்டு போவதே இலாபம். இழுவைக் கூலியை எஞ்சின் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

"நமது நாட்டில் பனி பெய்யவா போகிறது, கூலன்ட் எதற்கு, குழாய்த் தண்ணீரே போதும்" என்று பலர் சொல்வார்கள். கூலன்ட் தண்ணீரை உறையாமல் காப்பதோடு, துருவையும் தடுக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே உப்பு, அதுபோல வெறும் தண்ணீர் ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களையும் அடைத்துவிடும். காரின் கைநூலில் சொன்ன காலத்தில் கூலன்டை மாற்றச் சொல்லுங்கள்.

சத்தமில்லாமல் கொல்லும் இன்னும் இரண்டு

ஒன்று, ஒயில். எண்ணெய்க் கூஜா போன்ற ஒரு சிவப்பு விளக்கு டேஷ் போர்டில் இருக்கிறது. ஓடும்போது அது எரிந்தால் எஞ்சினுக்குள் ஒயில் அழுத்தம் இல்லை என்று பொருள். "வீட்டுக்குப் போய்ப் பார்ப்போம்" என்பதற்கு அங்கே இடமில்லை. நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடும். பழைய எஞ்சின்கள் ஒயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துவிடும். சர்வீஸ் செய்து இரண்டு மாதத்தில் அளவு குறைந்திருக்கலாம். மேட்டிலும் வளைவிலும் இருக்கிற கொஞ்ச ஒயிலும் ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டால் உறிஞ்சும் குழாய்க்கு எட்டாது. அளவுக் கம்பியை இழுத்துத் துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு குறிகளுக்கு நடுவே ஒயில் தெரிய வேண்டும். ஊறுகாய்ப் போத்தலில் எண்ணெய் நிற்கிறதா என்று பார்க்கும் நமக்கு இது பெரிய வேலையா?

மற்றது, டைமிங் பெல்ட். எஞ்சினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓடவைக்கும் ரப்பர் பட்டி. பெரும்பாலும் சொல்லிக்கொள்ளாமலே அறுந்துவிடும். பல எஞ்சின்களில் அது அறுந்த நொடியிலேயே இரண்டும் மோதி வளைந்துவிடும். பல கார்களுக்கு 100,000 கிலோமீற்றர் அளவில் மாற்றச் சொல்வார்கள். குறைவாக ஓடினாலும் வருடங்கள் போனால் ரப்பர் காய்ந்துவிடும். சில டொயோட்டா டீசல் வாகனங்களில் இதற்கென்றே டேஷ் போர்டில் ஒரு விளக்கு உண்டு. அது எரிந்தால் பல்பைக் கழற்றிவிட்டு ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள்! சில எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதிலாகச் சங்கிலி இருக்கும். உங்கள் காரில் எது, கடைசியாக எப்போது மாற்றியது என்று இன்றிரவே கேளுங்கள். யாருக்கும் தெரியவில்லை என்றால் மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைபிரிட் கார் வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. 2009 முதல் 2015 வரை தயாரான மூன்றாம் தலைமுறை பிரியஸ் கார்களில், வெளியே எல்லாம் நன்றாக இருக்க, ஹெட் கெஸ்கட் போவது பல நாடுகளிலும் பேசப்பட்ட குறை. புகையின் ஒரு பகுதியைத் திரும்பவும் எஞ்சினுக்குள் அனுப்பும் பாதையில் கரி அடைத்துக்கொள்வதே காரணம் என்று மெக்கானிக்குகள் பலர் சொல்கிறார்கள். காலையில் எஞ்சின் முதன்முதல் இயங்கும்போது கார் நடுங்கினால், கூலன்ட் குறைந்தால், தாமதிக்காமல் அந்த வகைக் கார் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மீறி எஞ்சின் போய்விட்டால்?

அவசரப்பட்டு "வேறு எஞ்சின் போடுங்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். என்ன உடைந்தது, எதை மாற்றவேண்டும், எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இன்னொரு கராஜிலும் விசாரியுங்கள். மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். பாவித்த எஞ்சின் வாங்குவதானால் பற்றுச்சீட்டும் இறக்குமதிப் பத்திரங்களும் அவசியம். எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவில் இருப்பதால், மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். பதியாமல் விட்டால் நாளைக்கு விற்கும்போது சிக்கல். காரை விற்பதென்று முடிவு செய்தால், எஞ்சின் சூடான கதையைச் சொல்லியே விற்போம். மறைத்து விற்றால் நமது நட்டம் இன்னொரு வீட்டு அடகுச் சீட்டாக மாறும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பழைய கார் வாங்கப் போகிறீர்களா? பெயின்ட்டையும் ஆசனத்தையும் பார்த்து மயங்காதீர்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வந்து பார்ப்பதாகச் சொல்லுங்கள். ஒயில் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கூலன்டின் நிறம் இருக்க வேண்டும், துரு நிறம் கூடாது. பிறகு சமதரையில் மட்டும் ஓட்டிப் பார்க்காமல் ஒரு நல்ல ஏற்றத்தில் ஏற்றச் சொல்லுங்கள்.

ராத்தா வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். இப்போது அந்தக் காரின் டேஷ் போர்ட் பெட்டியில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. ஒயில் மாற்றிய திகதி, கூலன்ட், குழாய்கள், பெல்ட், ஓடிய கிலோமீற்றர் எல்லாம் ராத்தாவின் கையெழுத்தில். வெள்ளிக்கிழமை காலையில் மச்சான் காரைத் துடைக்கும்போது ராத்தா ஒயில் கம்பியை இழுத்துப் பார்க்கிறார்.

2024இல் மறுபடி ரிவர்ஸ்டனுக்குப் போனோம். அதே கார்தான். இம்முறை ஏசி இல்லை, கண்ணாடிகள் திறந்திருந்தன. பிள்ளைகளில் இருவர் என் வீட்டுக்காரரோடு பஸ்ஸில் வந்தார்கள். பாதி ஏற்றத்தில் ராத்தா, "கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். முள் நடுவில்தான் நின்றது. ஆனாலும் மச்சான் ஒரு கேள்வி கேட்கவில்லை. ஓரமாக ஒதுக்கி எஞ்சினை நிறுத்தினார். பிளாஸ்கிலிருந்த தேநீரை ஊற்றிக் குடித்தோம்.

அடகு வைத்த வளையல்களில் இரண்டை மீட்டாகிவிட்டது. மிச்சம் இன்னும் இருக்கிறது.

இன்றிரவு வீட்டுக்காரரோ மகனோ காரைக் கொண்டுவந்து நிறுத்தும்போது, அந்த முள்ளும் அந்தச் சிவப்பு விளக்குகளும் எங்கே என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயணத்தில் அவற்றின் மேல் ஒரு கண் வையுங்கள். மாற்றம் கண்டால் சொல்லுங்கள். கேட்கவில்லையா? இன்னொரு தரம் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விஷயத்தோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.